மார்கழி வழியில் ஆறுமணிக்குருவி

காரைக்காலில் அரசலாற்றைக் கடந்து தெற்கே சென்றால் நெரவி. மார்கழிப் பனியில் கோயிலுக்கு நடந்து செல்லும் முதியோர் வழியில் காணத்தக்கவை பல. வரப்போரம் சிவபெருமானுக்கு உகந்த தும்பை, விநாயகருக்கு உகந்த அறுகு. களைக்கொல்லி தெளித்த வரப்பில் இவை இரா. கடைத்தெருவில் விலை கொடுத்தே வாங்க வேண்டும்.

பால் வார்த்து வணங்கும் புற்றுக்குள் ஒருவகைக் கரையான்கள் பூஞ்சையைப் பயிரிட்டு உண்கின்றன. மழைக்குப்பின் அதுவே புற்றுக்காளானாய்க் குடை விரிக்கிறது. பறிக்க வேண்டா, நஞ்சுக் காளானும் வெண்குடைதான் பிடிக்கும்!

குளிர்கால விருந்தினருள் அழகியது ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்து, ஐப்பசி வாக்கில் தமிழகத்துக்கும் இலங்கைக்கும் வருவது. பச்சை முதுகு, நீலம் தீட்டிய சிறகு, சிவந்த அடிவயிறு, மிகக் குட்டை வால். விடியலிலும் அந்தியிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குச் சீழ்க்கையடிப்பதால் இப்பெயர். திருப்பாவை பாடி முடிகிற வேளையும் ஏறத்தாழ அதுவே.

மரக்கிளையில் தேடினால் எளிதில் அகப்படாது. நிழலில் கிடக்கும் சருகைப் புரட்டிப் புழுபூச்சிகளைத் தின்னும். நந்தவனச் சருகைக் கூட்டித் தீயிடுவதைத் திருப்பணியாகவே கருதுகிறோம். எரிவதோ அதன் உணவு. மதிலோரம் ஒரு மூலையிலாவது சருகை விட்டுவைக்கலாம். மட்கிப் பூச்செடிக்கு உரமாகும்.

இரவெல்லாம் பறந்து களைத்த குருவி சில வேளை வீட்டுக்குள் வந்து விழும். பூனைக்கு எட்டாதபடி, துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்திருந்து, தெளிந்தபின் அந்தியில் தோட்டத்தில் திறந்துவிட்டால் போதும்.