திருப்பி அனுப்பப்பட்ட பையன்

எட்மண்டன் கிறீன் நிலையத்திலிருந்து தெற்கு நோக்கிப் புறப்படும் புகையிரதம் சில்வர் ஸ்ரீற் என்னும் தரிப்பைக் கடந்ததும் வைற் ஹார்ட் லேனில் நிற்கும். ரொட்டன்ஹாம் ஹொட்ஸ்பர் உதைபந்தாட்டக் கழகத்தின் மைதானம் அங்கேதான் இருக்கிறது. ஆட்டம் நடைபெறும் நாள்களில் 149ஆம் இலக்கப் பேருந்தில் கால்வைக்க இடம் கிடைப்பதில்லை. அந்தக் கூட்டத்தில் இடிபட்டே சனிக்கிழமை வேலைக்குச் சென்றுவரும் எம்மவர்களுக்கு, விளையாட்டில் ஈடுபாடு உண்டோ இல்லையோ, உதைபந்தாட்டம் தவிர்க்க முடியாத ஓர் அயல்வீட்டுச் சங்கதி.

அண்மையில் ஒரு காலைவேளை பிம்ஸ் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, எனக்குப் பழக்கமான தந்தையொருவரைக் கண்டேன். குருநகரைச் சேர்ந்தவர். பெற்றோல் நிலையமொன்றில் இரவுவேலை முடித்துவிட்டு, கண்கள் சிவந்திருக்க, வாங்கொன்றில் அமர்ந்திருந்தார். சற்றுத் தூரத்தில் அவருடைய ஒன்பது வயது மகன் தனியனாக மரமொன்றைக் குறிவைத்துப் பந்தை உதைத்துக்கொண்டிருந்தான்.

“கழகத்திலையிருந்து கடிதம் வந்திட்டுது சேர். இவனை இனி வேண்டாமாம்” என்றார்.

தொழில்முறைக் கழகமொன்றின் இளையோர் பயிற்சிப் பிரிவில் பையன் ஓராண்டு பயின்றிருந்தான். கடிதத்தை அவர் மடிப்புக் குலையாமல் சட்டைப்பையில் வைத்திருந்தார். உள்துறை அமைச்சின் கடிதங்களை வரிக்கு வரி வாசித்துப் பழகிய கைகள் அல்லவா! நானும் வாசித்தேன். மரியாதையான மொழி. பையனின் உற்சாகத்துக்கு நன்றி, எதிர்காலத்துக்கு வாழ்த்து. மேன்முறையீட்டுக்கு மட்டும் இடமில்லை. உடல்வலுவும் வேகமும் மற்றைய பிள்ளைகளளவுக்கு இல்லையென்று பயிற்றுநர் வாய்மொழியாகச் சொன்னாராம்.

“காலிலை பிறக்கேக்கையே இருக்கவேணும் சேர். எங்கடை ஊரிலை எத்தினை பேரைப் பாத்தனான். இவனுக்கு அது இல்லைப் போலை. இனி ரியூசனுக்கு விடப்போறன். லற்றிமர் பள்ளிக்கூடச் சோதினை எடுக்கட்டும். படிப்பெண்டால் முயற்சி செய்தால் வரும்தானே?”

ஒரே மூச்சில் அவர் கூறிய இரண்டு நம்பிக்கைகளும் என்னை வியக்கவைத்தன. பந்து பிறவிக் கொடை. படிப்பு உழைப்பின் பயன். இவர் மட்டுமல்லர், எமது சமூகமே அவ்வாறுதான் எண்ணுகின்றது. கணக்கில் பின்தங்கும் பிள்ளைக்கு மேலும் இரண்டு மணித்தியாலம் ரியூசன் ஒழுங்குசெய்கிறோம். பந்தில் பின்தங்கும் பிள்ளைக்கு விதி என்று சொல்லிவிடுகிறோம். வள்ளுவரோ ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு இன்னோர் அதிகாரமும் ஒதுக்கினாரேயன்றி, எந்தத் தொழிலுக்கு எது பொருந்துமென்று பிரித்துவைக்கவில்லை.

எட்மண்டனுக்குக் கிழக்கே, லீ ஆற்றையும் பெரிய நீர்த்தேக்கங்களையும் தாண்டினால் வருவது சிங்போர்ட். அந்த ஊரில் வளர்ந்த பையனொருவனும் எட்டு வயதில் ஆர்சனல் கழகத்தின் இளையோர் பிரிவில் சேர்க்கப்பட்டான். 2001-02 பருவம் முழுவதும் பயின்றான். பருவ முடிவில் வேண்டாமென்று அனுப்பிவிட்டார்கள். கொஞ்சம் கொழுகொழுவென்று இருந்தான், ஓட்டமும் போதவில்லை. அக்காலத்தில் ஆர்சனலின் இளையோர் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த அயர்லாந்தின் முன்னாள் ஆட்டக்காரர் லியாம் பிறேடி, அம்முடிவு தவறென்று பிற்காலத்தில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். அந்தப் பையன்தான் ஹரி கேன்.

சிறுவன் கேன், றிட்ஜ்வே றோவேர்ஸ் என்ற உள்ளூர்ச் சிறுவர் கழகத்துக்குத் திரும்பினான். டேவிட் பெக்காமும் தன் சிறுவயதில் ஆடிய அதே கழகம். பின்னர் வட்போர்ட் கழகம் சில வாரங்கள் அவனைப் பரிசோதித்துப் பார்த்தது. 2004இல், பதினொரு வயதில், ரொட்டன்ஹாம் சேர்த்துக்கொண்டது. அங்கும் எவரும் அவனைத் தோளில் தூக்கிக் கொண்டாடவில்லை. பதின்மூன்று, பதினான்கு வயதிலும் அவனை வைத்திருப்பதா அனுப்புவதா என்ற கேள்வி இருந்தபடியே இருந்தது.

பின்னர் இரவல் காலம். 2011இல் லெய்ரன் ஓரியன்ற், 2012இல் மில்வோல், அதன்பின் நொரிச், அதன்பின் லெஸ்ரர். நொரிச்சில் பாத எலும்பு முறிந்தது. லெஸ்ரரில் மாற்று ஆட்டக்காரர்களின் வாங்கில் அமர்ந்திருந்த நாள்களே அதிகம். 2013இல் அதே வாங்கில் அவருக்குப் பக்கத்தில் இருந்த இன்னொருவர் ஜேமி வார்டி. அவரோ பதினாறு வயதில் ஷெஃபீல்ட் வென்ஸ்டே கழகத்தால் சிறிய உருவமென்று கழிக்கப்பட்டு, தொழிற்சாலையில் வேலைசெய்துகொண்டு சிறு கழகங்களில் ஆடி மேலே வந்தவர். மூன்றாண்டு கழித்து அந்த வார்டி, லெஸ்ரர் அணியுடன் பிறீமியர் லீக்கை வென்றார். கேன் அதே பருவத்தில் 25 கோல்கள் அடித்து லீக்கில் முதலிடம் பெற்றார். வாங்கில் இருந்த இருவரையும் அன்று பார்த்த எவரேனும் இதனை எதிர்வு கூறியிருப்பார்களா?

ரொட்டன்ஹாமின் முதல் அணிக்காகக் கேன் முதன்முதலாக இறங்கியது 2011 ஓகஸ்டில், ஸ்கொட்லாந்தின் ஹார்ட்ஸ் அணிக்கெதிராக. கிடைத்த தண்டனை உதையைக் கோல்காப்பாளர் தடுத்துவிட்டார். 2014 ஏப்ரலில்தான் பிறீமியர் லீக்கில் முதன்முதலாக ஆரம்ப வரிசையில் இடம் கிடைத்தது. அதற்குப் பிந்திய வரலாற்றை எமது பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். மூன்று தடவை லீக்கின் அதிக கோல் அடித்தவர். 2018 உலகக் கிண்ணத்தில் ஆறு கோல்களுடன் தங்கப் பாதணி. ரொட்டன்ஹாமுக்காக 280 கோல்கள். 2023 மார்ச்சில் நேப்பிள்ஸ் நகரில் இத்தாலிக்கெதிராகத் தமது 54ஆவது கோலை அடித்து இங்கிலாந்தின் சாதனையாளரானார்.

இதைச் சொல்லி, “பார், உழைத்தால் எதுவும் முடியும்” என்று முடித்துவிடலாம். மேடைப் பேச்சாளர்கள் அப்படித்தான் முடிப்பார்கள். ஆனால் என் மனம் அதற்கு இடந்தரவில்லை.

2013 ஒக்டோபர் 6ஆம் நாள் வைற் ஹார்ட் லேனில் வெஸ்ற் ஹாம் அணி ரொட்டன்ஹாமை 3-0 எனத் தோற்கடித்தது. அன்று ராவல் மொறிசன் என்ற இளைஞர், தமது பாதியிலிருந்து பந்தைக் கொண்டு தடுப்பாளர்களை ஊடறுத்தோடி, கோல்காப்பாளரின் தலைக்கு மேலால் மெல்லத் தூக்கி அடித்த கோலைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். கேன் பிறந்த அதே 1993இல் பிறந்தவர். மான்செஸ்ரர் யுனைற்றெட்டின் பிள்ளையாக 2011இல் இளையோருக்கான எஃப்.ஏ. கிண்ணத்தை வென்றவர். அன்றைய தினம் உலகிடம் கேட்டிருந்தால், இருவரில் பெரியவர் மொறிசனே என்று சொல்லியிருக்கும். அவர் நாடு நாடாக, கழகம் கழகமாக மாறி ஆடினார். இங்கிலாந்தின் முதன்மை அணிக்கு ஒருபோதும் ஆடவில்லை. அவரைச் சோம்பேறியென்று தீர்ப்பிட நான் யார்? ஒரு மனிதனின் வாழ்க்கையில் எத்தனையோ நிகழ்கின்றன. கொடை மட்டும் போதாதென்பது அங்கே தெரிகிறது. உழைப்பு மட்டும் போதுமென்பது அதிலிருந்து பெறப்படாது.

அறிவுலகமும் இதில் ஒருமுகமாக இல்லை. கேன் பிறந்த அதே 1993இல் சுவீடன் நாட்டு உளவியலாளர் அன்டேர்ஸ் எரிக்சனும் துணைவர்களும் பெர்லினில் வயலின் பயின்றவர்களை ஆராய்ந்து, மிகச் சிறந்தவர்கள் இருபது வயதுக்குள் சராசரி பத்தாயிரம் மணித்தியாலம் தனியே பயின்றிருந்தனரென எழுதினார்கள். 2008இல் மல்கம் கிளாட்வெல்லின் நூல் அதனை உலகறியச் செய்தது. பத்தாயிரம் மணித்தியாலம் பயின்றால் எவரும் மேதை என்ற மந்திரமாக அது சுருங்கிற்று. எரிக்சனுக்கே அந்தச் சுருக்கம் உடன்பாடாக இருக்கவில்லை. பின்னர் 2014இல், பல ஆய்வுகளையும் ஒருங்கே தொகுத்து நோக்கிய அமெரிக்க உளவியலாளர்கள், மனிதருக்கு மனிதர் காணப்படும் திறன் வேறுபாட்டில் திட்டமிட்ட பயிற்சியால் விளக்கக்கூடிய பங்கு விளையாட்டில் 18 வீதம் என்றார்கள். கல்வியில் எவ்வளவு தெரியுமா? 4 வீதம். எமது ரியூசன் ஆசிரியர்கள் என்னை மன்னிப்பார்களாக! இத்தகைய கணக்குகளை அளவுக்கு மீறி நம்புவதும் தவறுதான். ஆயினும், படிப்பு உழைப்பால் வரும், பந்து பிறப்பால் வரும் என்ற எம்மவர் நம்பிக்கைக்கு அவை ஆதரவளிக்கவில்லை.

இவற்றைவிட என்னைச் சிந்திக்கவைத்தது ஒரு சிறிய விடயம்: பிறந்த மாதம். இங்கிலாந்தில் பாடசாலை ஆண்டு செப்ரெம்பர் முதலாம் நாள் தொடங்குகிறது. கழகங்களின் வயதுப் பிரிவுகளும் அதே நாளை வைத்தே வகுக்கப்படுகின்றன. செப்ரெம்பரில் பிறந்த பிள்ளையும் மறு ஓகஸ்டில் பிறந்த பிள்ளையும் ஒரே பிரிவில் நின்று ஓடவேண்டும். எட்டு வயதில் பதினொரு மாதமென்பது சிறிய காலமா? உயரத்தில், எடையில், ஓட்டத்தில் எத்தனை வேறுபாடு! 1980களில் கனடாவின் ஐஸ் ஹொக்கி அணிகளில் ஆண்டின் முற்பகுதியில் பிறந்தவர்களே நிறைந்திருப்பதை ஆய்வாளர்கள் முதலில் கவனித்தார்கள். அங்கே வயதெல்லை சனவரி முதலாம் நாள். இங்கிலாந்தின் உதைபந்தாட்டப் பயிற்சிப் பிரிவுகளிலும் செப்ரெம்பர் முதல் நவம்பர் வரை பிறந்தவர்கள் அதிகம். யூன் முதல் ஓகஸ்ட் வரை பிறந்தவர்கள் குறைவு. பயிற்றுநர் “திறமை” என்று குறித்துக்கொள்வதில் ஒரு பகுதி வெறும் பிறந்தநாள்தான்.

கேன் பிறந்தது 1993 யூலை 28இல். அவருடைய பிரிவில் ஏறக்குறைய எல்லோருக்கும் இளையவர். ஆர்சனல் கண்டது திறமையின்மையையா, வயதுக் குறைவையா? உடல் வளரும்வரை வேகத்தையும் வலுவையும் நம்பமுடியாத பையன், எங்கே நிற்பது, யாருக்குக் கொடுப்பது, எப்போது உதைப்பது என்பவற்றைக் கற்றாகவேண்டியிருந்தது. இளையோர் அணிகளில் நடுக்களத்திலும் ஆடினார். பயிற்சி முடிந்து மற்றவர்கள் போனபின்னரும் நின்று, இரு கால்களாலும் மாறிமாறிக் கோலுக்கு உதைத்துப் பழகுவது அவருடைய வழக்கமாயிற்று. பின்னர் உடல் வளர்ந்தபோது இரண்டும் சேர்ந்தன. 2020-21இல் லீக்கில் அதிக கோல்கள் அடித்தவரும், மற்றவர்கள் கோலடிக்க அதிகம் உதவியவரும் அவர் ஒருவரே: 23 கோல்கள், 14 உதவிகள். பருமனான சிறுவன் வேறு வழியின்றிக் கற்றவற்றின் பயனே அந்த இரண்டாவது எண் என்பது என் எண்ணம்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் பொய்யனாவேன். கேனுக்கு இரண்டாவது கதவு திறந்தது, மூன்றாவதும் திறந்தது. தந்தைவழியில் அயர்லாந்துக் குடும்பமாயினும் லண்டனில் வேரூன்றியவர்கள். பிள்ளையை வாகனத்தில் ஏற்றி இறக்கப் பெற்றோருக்கு நேரம் இருந்தது. அடுத்த மாதம் எந்த நகரத்துக்கு மாற்றப்படுவோம் என்று அறியாத அகதிக் குடும்பத்துப் பிள்ளையும் அதே அளவு உழைக்கலாம். அவனைப் பற்றி எந்தப் பயிற்றுநரும் பின்னாளில் தவறை ஒப்புக்கொள்ளப்போவதில்லை, ஏனெனில் எவருக்கும் அவன் நினைவில் இருக்கமாட்டான். அனுப்பப்பட்டுத் திரும்பாதவர்களின் கணக்கு எந்தப் புள்ளிவிபரத்திலும் ஏறுவதில்லை. எங்கள் ஊரிலும் பாசையூர், நாவாந்துறை, குருநகர் மணலில் வெறுங்காலுடன் ஆடியவர்களில் எத்தனை பேர் அவ்வாறு காணாமற்போனார்கள்! கொடையும் இருந்தது, உழைப்பும் இருந்தது. மைதானங்கள் இருந்த இடத்தில் காவலரண்கள் இருந்தன.

ஆனாலும் வழி அடியோடு அடைபட்டதென்று சொல்வதற்கில்லை. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு 2006இல் பிறந்து வேல்ஸில் வளர்ந்த விமல் யோகநாதன், சிறுவயதில் லிவர்பூலின் பயிற்சிப் பிரிவில் இருந்து, பின்னர் பார்ன்ஸ்லி கழகத்தில் சேர்ந்து, 2023இல் அதன் முதல் அணிக்காக ஆடினார். இங்கிலாந்தின் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் ஆடிய முதல் தமிழரெனப் பத்திரிகைகள் எழுதின. முதலாமவர் என்ற சொல் மகிழ்ச்சியும் தருகிறது. இத்தனை ஆண்டு கழித்தா என்ற கேள்வியையும் எழுப்புகிறது.

இவற்றில் ஒரு பகுதியைத்தான் அன்று பூங்காவில் சொன்னேன். தந்தையார் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டார். உங்கள் மகனும் கேனைப்போல் வருவான் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. இக்கழகங்களில் சேரும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் தொழில்முறை ஆட்டக்காரர்களாக வருவதில்லை என்பதையும், லற்றிமர் சோதினையைக் கைவிடவேண்டாமென்பதையும் சேர்த்தே சொன்னேன். ஒன்பது வயதில் ஒருவர் எழுதிய கடிதத்தை ஜாதகமாகக் கொள்ளவேண்டாமென்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

“தம்பி, பெடியன் எந்த மாதம் பிறந்தவன்?”

“ஓகஸ்ட் இருபத்தொன்பது சேர்.”

சொல்லிவிட்டு அவர் சற்றுநேரம் பேசாதிருந்தார். பிறகு எழுந்து மகனிடம் நடந்தார். இரவுவேலைக்கு அணிந்த கறுப்புச் சப்பாத்து. மரத்துக்குப் பக்கத்தில் நின்று, “இடக்காலாலை அடி பாப்பம்” என்றார். பையன் அடித்த பந்து மரத்துக்கு வெகுதூரம் விலகிப் போயிற்று. அவர் ஓடிப்போய் எடுத்துவந்து திரும்பவும் அவன் காலடியில் வைத்தார்.

நான் புறப்பட்டபோது, ரியூசன் பத்து மணிக்குத்தான் தொடங்குகிறதென்றும், எட்டரைக்கு இங்கே வந்தால் ஒரு மணித்தியாலம் கிடைக்குமென்றும் அவர் மகனிடம் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.