ஒரு குடியிருப்பும் உலக அழிவும்

2024 ஆகஸ்ட் 16 அன்று திருவனந்தபுரத்தில் கேரள அரசின் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்பட்டன. ‘காதல் தி கோர்’, ‘ஆடுஜீவிதம்’ போன்ற படங்களுக்கு நடுவே, நடுவர் குழுவின் சிறப்பு அங்கீகாரத்துடன் ‘ககனசாரி’யும் அந்தப் பட்டியலில் இருந்தது. உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதை, அதுவும் சின்ன பட்ஜெட்டில் எடுத்த படம்!

இந்த வகைப் படங்களுக்கு வழி போட்டவர் ஜார்ஜ் மில்லர். மருத்துவரான அவர், தயாரிப்பாளர் பைரன் கென்னடியோடு சேர்ந்து சுமார் 4 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் ‘மேட் மேக்ஸ்’ எடுத்தார். 1979இல் வெளியான அந்தப் படம் உலகமெங்கும் வசூலை அள்ளியது. இரண்டாம் பாகம் 1981இல் பாலைவனத்துக்குப் போனதும் இத்தாலியிலும் பிலிப்பைன்ஸிலும் பலர் அதே பாணியில் இறங்கினார்கள். பாழ்நிலமும் பழைய வண்டிகளும் கிடைத்தால் படப்பிடிப்பைத் தொடங்கிவிடலாம் என்ற துணிச்சல் அவர்களுக்கு.

கேரளத்தில் பாலைவனம் ஏது? ‘ககனசாரி’யின் இயக்குநர் அருண் சந்து அதைத் தேடிப் போகவும் இல்லை. 2043ஆம் ஆண்டின் சீரழிந்த கேரளத்தில் வேற்றுக்கிரகவாசிகளை வேட்டையாடும் ஒருவரை ஆவணப்படக் குழு பேட்டி காண்கிறது. இதுதான் கதையின் சட்டகம். பெரும்பகுதி ஒரு குடியிருப்புக்குள்ளேயே நடக்கிறது. வேட்டைக்காரராக நடித்த கே.பி. கணேஷ்குமார், 2024 ஜூனில் படம் திரைக்கு வந்தபோது மாநிலப் போக்குவரத்து அமைச்சர். கோகுல் சுரேஷ், அஜு வர்கீஸ், வேற்றுக்கிரகப் பெண்ணாக அனார்கலி மரிக்கார் ஆகியோரும் நடித்திருக்கிறார்கள்.

பேட்டி வடிவம்தான் இந்தப் படத்தின் பலம். அழிந்த நகரத்தை செட் போட்டுக் காட்ட கோடிகள் வேண்டும். கேமராவைப் பார்த்து ஒருவர் அதைச் சொல்ல, நல்ல வசனமும் நடிப்பும் போதும். சண்டையை எதிர்பார்த்துப் போகிறவருக்கு ஏமாற்றம் இருக்கலாம், சிரிப்புக்குக் குறைவில்லை. 2018 வெள்ளத்தில் ஊரே மூழ்கியதைக் கண்ட மலையாளிகளுக்கு, படம் சொல்லும் அழிவு வெறும் கற்பனையும் அல்ல.

தமிழில் 2016இல் சக்தி சௌந்தர் ராஜன் ‘மிருதன்’ எடுத்து, ஊட்டியில் ஜாம்பிகளை உலவவிட்டார். ஜெயம் ரவி என்ற நட்சத்திரம் அதற்குத் துணை. நட்சத்திரத்தை நம்பாத சிறிய முயற்சிகளும் இங்கே வர வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மொட்டை மாடிகளில் உதவிக்குக் காத்திருந்த சென்னைக்கு, உலக அழிவைப் பற்றிச் சொல்ல நிறையவே இருக்கிறது. குறும்படம் எடுக்கும் இளைஞர்கள் ‘ககனசாரி’யை ஒருமுறை பார்த்துவிட்டு எழுத உட்காரட்டும்.