சொல்லிழப்பும் சொல்லிலக்கணமும்

மொழியைச் சொற்களாகவும், சொல்லைப் பகுதி விகுதிகளாகவும் பிரித்துக் காண்பது இலக்கண ஆசிரியர் தொழில். மூளையில் நேரும் ஊறும் சில வேளைகளில் அதனையொத்த பிரிவினையைச் செய்துவிடுகிறது. குருதிக்குழாய் அடைப்பாலோ தலையிற்பட்ட அடியாலோ மூளையின் ஒரு பகுதி சிதையுங்கால், மொழி முழுவதும் ஒருங்கே அழிந்தொழிவதில்லை. ஒரு கூறு அழிய, மற்றொரு கூறு எஞ்சி நிற்கிறது. இந்நிலையை மருத்துவ நூலார் 'அஃபேசியா' என்பர். ஈண்டுப் பேச்சிழப்பு எனக் குறிப்பாம். இதில் அழிந்தது யாது, எஞ்சியது யாது என்னும் வினா மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. நோயாளி பேசும் மொழியின் அமைப்பை அறியாதார் அதற்கு விடை காண்டல் அரிது. இதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மூளையில் மொழியின் இடம்

1861ஆம் ஆண்டு, பாரிசு நகரை அடுத்த பிசேத்தர் மருத்துவமனையில் லெபோர்ன் என்பவர் இறந்தார். பிறர் கூறுவதை அவர் பெரும்பாலும் உணர்ந்துகொண்டார். ஆயினும் எதனை வினவினும் 'டான்' என்னும் ஓரசையையே விடையாகத் தந்தார். அவர் மூளையை ஆராய்ந்த பால் புரோக்கா என்னும் அறுவை மருத்துவர், இடப்பாதியின் முன்மடலில், கீழ்ப்புறத்தே சிதைவு இருத்தலைக் கண்டு வெளியிட்டார். 1874இல் கார்ல் வெர்னிக்கே வேறொரு வகையை விளக்கினார். அவ்வகை நோயாளர் தடையின்றிப் பேசுவர். ஆனால் சொற்கள் பிறழ்ந்து வரும். பிறர் பேச்சும் அவர்க்கு விளங்காது. அவர்தம் சிதைவு இடப்பொட்டு மடலின் பின்புறத்தைச் சார்ந்தது.

'பேசுதற்கு ஓரிடம், உணர்தற்கு ஓரிடம்' என்னும் எளிய கொள்கை இவற்றினின்றும் தோன்றி நெடுங்காலம் நிலவிற்று. பிற்கால ஆராய்ச்சி அதனைத் திருத்தியது. புரோக்கா குறித்த இடம் மட்டுமே சிதைந்தவர்க்குப் பேச்சிழப்பு நிலைத்து நிற்பதில்லை என 1978இல் மோர் முதலியோர் காட்டினர். பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த லெபோர்னின் மூளையைத் திரான்கர்சு முதலியோர் காந்த அதிர்வுப் படக்கருவியால் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டனர். சிதைவு புறப்பரப்போடு நில்லாது, மூளையின் பகுதிகளை இணைக்கும் உள் நரம்புக் கற்றைகள்வரை சென்றிருந்தமை அதனால் புலனாயிற்று. எனவே, மொழி ஓரிடத்துப் பொருளன்று. பல இடங்கள் இணைந்து நடத்தும் செயல் என்பதே இற்றை முடிபு.

2. 'தந்தி நடை' என்னும் விளக்கம்

புரோக்கா வகை நோயாளருள் பலர் பெயரையும் வினையையும் வருந்தி ஒவ்வொன்றாகக் கூறுவர். அவற்றை இணைக்கும் உருபுகளும் துணைச்சொற்களும் அவர் பேச்சில் குறைந்து காணப்படும். பிராகு நகரத்து ஆர்னால்டு பிக் 1913இல் இந்நிலையைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஆங்கிலம் பேசுவோரிடம் இது தந்திச் செய்தி போல் அமைதலின், 'இலக்கணக் கூறுகளை விட்டுவிடுதலே இந்நோயின் இயல்பு' என்னும் விளக்கம் பரவியது.

ஆயின், இவ்விளக்கம் ஆங்கிலத்தின் இயல்பை நோயின் இயல்பாகக் கொண்டதாகும். ஆங்கிலத்தில் வினை விகுதியை நீக்கினும் எஞ்சுவது ஒரு சொல்லே. எபிரேய மொழியிலோ வேர் என்பது மெய்யெழுத்துகளின் கூட்டம். உயிர்களை நீக்கின் ஒலிக்கவே இயலாது. ஆகலின், அம்மொழி நோயாளர் உருபை விடுவதில்லை. ஒன்றற்கு மற்றொன்றை மாற்றி வழங்குகின்றனர். 1984இல் குரோட்சின்சுக்கி இதனை எடுத்துக்காட்டினார். விகுதியின்றி வினையடி தனித்து நில்லாத இத்தாலியத்தும் இத்தகைய மாற்றமே காணப்படுகிறது. சப்பானிய மொழி நோயாளர், பெயர்ப்பின் நிற்கும் இடைச்சொற்களை விடுவதுண்டு. வினையை வெற்றடியாகக் குறைத்து வழங்குவதில்லை. 1990இல் மென், ஓப்ளர் ஆகிய இருவரும் பதினான்கு மொழி நோயாளர் பேச்சைத் தொகுத்து வெளியிட்ட பின்னர், மொழிதோறும் இழப்பின் வடிவம் வேறுபடுதல் உறுதியாயிற்று.

3. தமிழில் எழும் வினாக்கள்

இடைச்சொற்கள் பெயரையும் வினையையும் சார்ந்தே வழங்குவன. தமக்கெனத் தனிநிலை இல்லாதன என்பது தொல்காப்பியர் கருத்து. இதனைக் கொண்டு முன்னோர் மூளையியல் அறிந்திருந்தனர் எனக் கூறுதல் மிகை. எனினும், அவர் வகுத்த பாகுபாடு இவ்வாராய்ச்சிக்குத் தக்க கருவியாகும்.

'மரத்தை' என்பதில் ஐயுருபு நீங்கின், அத்துச் சாரியையோடு கூடிய 'மரத்து' எஞ்சும். அது தனித்து நில்லாது. நோயாளி 'மரம்' என்பாராயின், அஃது உருபை விட்டதா, எழுவாய் வடிவை மாற்றி வைத்ததா? மேலும், 'மரம் வெட்டினான்' என்பது இரண்டாம் வேற்றுமைத் தொகையாய் வழக்கில் உள்ளது. அதனைப் பிழையெனக் கணக்கிடுதல் பொருந்தாது. 'கண்ணன் அழைத்தேன்' என உயர்திணைப் பெயரில் உருபு மறையுமிடத்தே இழப்பு ஐயமின்றிப் புலப்படும். ஆகவே, சோதனைக்குரிய பெயர்களைத் திணையறிந்து தேர்தல் வேண்டும்.

வினையிலும் இத்தகைய சிக்கல் உண்டு. 'வந்தேன்' என்பதில் விகுதி நீங்கின் எஞ்சும் 'வந்த்' தமிழில் சொல்லாகாது. நோயாளி 'வந்து' என எச்சமாக நிறுத்தலாம். ஆனால், பேச்சு வழக்கில் 'வந்து' என்பது தயக்கத்தை நிரப்பவும் வருவதன்றோ? அதனை வினையென எண்ணுவதா, அசைநிலையென ஒதுக்குவதா என்பதை வழக்கறிந்தாரே துணிதல் கூடும்.

4. சோதனையும் மருத்துவமும்

எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறினும் பொருள் பொருந்தும் சிக்கலான தொடர்களில் இந்நோயாளர் தடுமாறுவதைக் காரமாசாவும் சூரிஃபும் 1976இல் ஆங்கிலத்திற் கண்டனர். தமிழ்ப் புலவர்க்கு இது புதிதன்று. 'புலி கொல் யானை' என்பதில் கொன்றது எது, இறந்தது எது என்னும் மயக்கத்தைத் தடுமாறு தொழிற்பெயர் என நம் இலக்கணத்தார் ஆராய்ந்துள்ளனர். 'புலி யானையைக் கொன்றது', 'யானையைப் புலி கொன்றது' என்னும் இரண்டும் ஒரு பொருளன. 'புலியை யானை கொன்றது' என்பதில் பொருள் தலைகீழாகிறது. ஆங்கிலத்தில் சொல்வரிசை செய்யும் பணியை ஈண்டு ஐயுருபு செய்கிறது. எனவே, உருபை மாற்றாது வரிசையையும், வரிசையை மாற்றாது உருபையும் மாற்றிப் பார்த்தலே தமிழுக்குரிய சோதனையாம்.

இதனை விடுத்து ஆங்கிலச் சோதனையை அவ்வாறே பெயர்ப்பின், 'யானை புலியால் கொல்லப்பட்டது' போன்ற தொடர்கள் மிகும். பேச்சில் அருகி வழங்கும் இச்செயப்பாட்டு வினை, கல்வி குறைந்த நலமுடையார்க்கும் இடர் தரும். அத்தகைய சோதனை அளப்பது மூளையின் ஊறாகாது. நோயாளியின் பள்ளிப் படிப்பையே ஆகும். எழுத்து வழக்கில் வினவிப் பேச்சு வழக்கில் விடை பெறுங்கால் இக்குறை இரட்டிக்கும். இழவாத ஒன்றை இழந்தார் எனக் கொள்ளின், பயிற்சியும் வழி தவறும். எஞ்சிய திறனோ கவனிப்பாரற்றுத் தேயும்.

பேச்சிழந்தார் பலர் உள்ளத்தில் கூறவேண்டிய பொருள் உண்டு. கூறும் வாயில் அடைபட்டுள்ளது. திணை, வேற்றுமை, எச்சம் என நாம் வகுப்பறையில் பயிற்றும் பாகுபாடுகள் அவ்வாயிலைத் திறத்தற்கு உதவுமாயின், அதனினும் சிறந்த பயன் இலக்கணக் கல்விக்கு யாதுளது? நோயாளர் பேச்சை உள்ளவாறே பதிந்து, வழக்கறிந்து ஆராய்தல் மருத்துவரும் தமிழறிஞரும் கூடிச் செய்தற்குரிய பணி. பட்ட மேற்படிப்பு மாணவர் தம் ஆய்வுக்கு இத்துறையைத் தேர்தல் நன்று.