குட்டி வில்லனுக்கும் ஒரு நேற்று உண்டு

ஊர் முழுக்கப் பிணங்கள் எழுந்து நடமாடுகின்றன. சூப்பர் மார்க்கெட் மேனேஜர் ஸ்டீவன் சாப்மனுக்கோ தன் கடைதான் கவலை. உள்ளே வருகிறவர்கள் எல்லாம் கடையைச் சூறையாட வந்தவர்கள் என்று நினைத்து, கூரிய ஆயுதங்களைக் கட்டிய தள்ளுவண்டியோடு பாய்கிறார். சண்டை சில நிமிடங்களில் முடிந்துவிடும். எனக்குத்தான் அவரை அப்படியே விட்டுவிட மனம் வராது.

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 2006இல் வெளியிட்ட ‘டெட் ரைசிங்’ வீடியோ கேமில் வரும் ஆள் இவர். அமெரிக்காவின் கொலராடோவில் வில்லமெட் என்றொரு கற்பனை ஊர், மக்கள்தொகை 53,594. பத்திரிகைப் புகைப்படக்காரர் ஃப்ராங்க் வெஸ்ட் அங்கே ஒரு ஷாப்பிங் மாலில் மாட்டிக்கொள்கிறார். ஹெலிகாப்டர் திரும்பி வர 72 மணி நேரம் ஆகும். அதுவரை ஜாம்பிகளோடு, புத்தி பிசகிய மனிதர்களையும் அவர் சமாளிக்க வேண்டும். இந்தக் குட்டி வில்லன்களுக்கு நோட்டுப் புத்தகத்தில் முன்கதை எழுதுவது எனக்குப் பிரியமான வேலை.

சிலருக்கு விளையாட்டே முன்கதை தந்துவிடுகிறது. ஹார்டுவேர் கடையில் பதுங்கியிருக்கும் கிளிஃப் ஹட்சன், வியட்நாம் போரில் இருந்தவர். அந்தப் போர் முடிந்தது 1975இல். பேத்தியை ஜாம்பிகள் தாக்கியதைக் கண்ணால் பார்த்ததும் அவர் மனம் மறுபடி போர்க்களத்துக்கே போய்விட்டது. தோற்ற பிறகு, சாகும் தறுவாயில் தெளிந்து அதைச் சொல்கிறார். அதைக் கேட்டபின் அவரை வென்றதில் சந்தோஷப்பட முடியவில்லை.

ஸ்டீவனுக்கு அப்படி எதுவும் சொல்லப்படவில்லை. அதனால் நான் எழுதினேன். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் தகர டப்பாக்களின் லேபிள் முன்பக்கம் தெரியும்படி ஒவ்வொன்றாகத் திருப்பி வைப்பார். விற்பனை தேறாவிட்டால் கிளையை மூடிவிடுவோம் என்று தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வருகிறது. ஊழியர்கள் கண்ணில் படாமல் டிராயருக்குள் தள்ளுகிறார். அன்று மாலை யாரோ ஒரு பையன் ஜாம் பாட்டிலைப் போட்டு உடைத்துவிட்டு நழுவிவிடுகிறான். ஆளைக் கூப்பிடாமல், மண்டியிட்டுத் தானே துடைக்கிறார்.

இவ்வளவு போதும். குழந்தைப் பருவத்துச் சோகம், காதல் தோல்வி என்று அடுக்க வேண்டியதில்லை. திரையில் தெரியும் ஆயுதம், இடம், பேச்சு மூன்றும் எங்கிருந்து வந்தன என்று தேடினாலே முன்கதை பிடிபடும். கடைமீது அவருக்கிருந்த பிடிவாதம் பழையது. பேரழிவு, அதைத் தட்டிக்கேட்க ஆளில்லாமல் செய்துவிட்டது.

வில்லனை மனிதனாகப் பார்க்கும் இடங்கள் இந்த விளையாட்டிலேயே உண்டு. வெடிகுண்டு செய்யும் பால் கார்சன் தோற்று, தீப்பற்றி அலறும்போது தீயணைப்புக் கருவியால் அணைத்தால் பிழைத்துக்கொள்வார், நம்மோடும் சேர்ந்துவிடுவார். 2020இல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ என்ற வீடியோ கேம் இன்னும் சிக்கனம். எதிரி ஒருவன் விழுந்தால் கூட்டாளி அவன் பெயரைச் சொல்லிக் கதறுவான். ஒரு பெயர்தான், அடுத்த அம்பை விடக் கை தயங்கும்.

முன்கதை எழுதுவது வில்லனுக்காக வக்காலத்து வாங்குவதாகிவிடக் கூடாது. ஸ்டீவனிடம் மாட்டியவர்களும் காலையில் வீட்டைப் பூட்டிவிட்டு மாலுக்கு வந்தவர்கள்தான். அவர்களுடைய நேற்றையும் எழுதினால்தான் ஸ்டீவனின் கதை நியாயமாக நிற்கும். என் நோட்டில் அவருக்கு அடுத்த பக்கம் அவர்களுடையது.