சிறு நாய்க்குட்டி இரவில் வெளியே உறங்கலாமா?

ஜவ்வாது மலைமீது ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் நாய் வளர்க்காத குடும்பம் குறைவு. சாமைக் கதிர் முற்றும் காலத்தில் காட்டுப்பன்றி நெருங்குவதை முதலில் உணர்ந்து குரைப்பது நாயே. பட்டியில் அடைத்த ஆடுகளுக்கும் இரவுக் காவல் அதுவே. மலையடிவாரத்தைக் கடந்து போளூர், ஆரணிப் பக்கங்களில் வாழும் நெசவாள அங்கத்தினர்களின் தறிக் கொட்டகைக்கும் அது நல்ல துணை. இத்தகைய காவலைப் பெறுவதற்காகவே நாம் ஒரு குட்டியைக் கொண்டுவந்து வளர்க்கிறோம். கொண்டுவந்த முதல் இரவிலேயே ஒரு கேள்வி எழுகிறது. இதனை முற்றத்தில் விட்டுவிடலாமா, அல்லது உள்ளே வைக்க வேண்டுமா?

நம் விடையை முதலிலேயே கூறிவிடுகிறோம். நான்கு மாதம் நிறையாத குட்டியை இரவில் திறந்த வெளியில் விடுதல் கூடாது. அதற்காக அதனைப் பாயில் படுக்க வைத்துச் சீராட்ட வேண்டும் என்பதும் இல்லை. மழையும் காற்றும் புகாத, அடைப்புள்ள ஓர் இடம் இருந்தால் போதும்.

இதைக் கேட்டதும் பலர் கூறும் மறுப்பு ஒன்று உண்டு. “தெருவில் எத்தனையோ நாய்கள் வெளியில்தானே பிறந்து வளர்கின்றன? அவற்றுக்கு என்ன கேடு வந்துவிட்டது?” என்பார்கள். நம் கண்ணில் படும் நாய்கள் யாவும் பிழைத்தவை. பிழையாதவை நம் கண்ணில் படுவதில்லை. கொல்கத்தாவிலுள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள் மேற்கு வங்காளத்தில் ஐந்தாண்டுக் காலம் 364 தெருநாய்க் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து, 2016-ஆம் ஆண்டில் தங்கள் முடிவை வெளியிட்டனர். அவற்றுள் இனம்பெருக்கும் பருவத்தை, அதாவது ஏறக்குறைய ஏழு மாதத்தை எட்டியவை நூற்றுக்குப் பத்தொன்பதே. மற்றவற்றின் அழிவில் பெரும்பகுதிக்கு மனிதரே ஏதேனும் ஒரு வகையில் காரணமாயினர். வெளியிலே காப்பில்லாத குட்டிக்கு வாகனமும் கல்லும்கூடப் பகை. சங்கக் கணக்கில் வரவை மட்டும் எழுதி, நட்டத்தை எழுதாமல் விட்டால் அக்கணக்கை எவரும் ஒப்புக்கொள்வதில்லை. தெருநாயைக் காட்டி வாதாடுவதும் அத்தகைய கணக்கேயாகும்.

இனி, குட்டிக்கு இரவில் நேரும் தீங்குகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது குளிர். பெரிய குண்டானில் உள்ள சோறு நெடுநேரம் சூடாயிருக்கிறது. சிறு கிண்ணத்தில் இட்ட சோறு விரைவில் ஆறிவிடுகிறது. உடலும் அவ்வாறே. சிறிய உடல் வெப்பத்தை விரைவில் இழக்கிறது. பிறந்த முதல் வாரத்தில் நாய்க்குட்டிக்கு நடுங்கி உடலைச் சூடாக்கிக்கொள்ளும் ஆற்றல்கூட இல்லை. தாயின் வயிற்றோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் ஒட்டிக் கிடப்பதே அதற்குப் போர்வை. நான்கு வாரம் சென்ற பின்னரே அது தன் உடல் வெப்பத்தை ஒருவாறு காத்துக்கொள்ளத் தொடங்குகிறது. ஈத்திலிருந்து ஒரு குட்டியைத் தனியே பிரித்துக் கொண்டுவரும்போது, அந்தப் போர்வையையும் நாம் பறித்துவிடுகிறோம். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு விற்பனை விதிகள் கூறுகின்றன. விலையின்றிப் பெறும் குட்டிக்கும் அதே வயதைக் கடைப்பிடிப்பது நன்று.

நம் மலையின் குளிருக்குத் தனியே ஒரு காரணமும் உண்டு. இம்மலைத் தொடரிலேயே காவலூரில், 725 மீட்டர் உயரத்தில், விண்மீன்களை ஆராயும் வானாய்வு நிலையம் இருப்பதை அங்கத்தினர் அறிவார்கள். ஊர் வெளிச்சம் இல்லாத தெளிந்த வானத்தை நாடியே அறிஞர்கள் அவ்விடத்தைத் தேர்ந்தனர். பகலில் நிலம் வாங்கிய வெப்பம், இரவில் மேகம் இல்லாதபோது தடையின்றி வானை நோக்கி வெளியேறிவிடுகிறது. விண்மீன்கள் பளிச்சென்று தெரியும் மார்கழி, தை இரவுகளே குட்டிக்குக் கொடிய இரவுகள். ஐப்பசி மழையில் நனைந்து ஈரமான குட்டியோ அதனினும் விரைவில் குளிர்ந்துவிடும்.

குளிர்ந்த குட்டி முதலில் ஓயாது கத்தும், பிறகு அடங்கிவிடும். அடங்கியதும் உறங்கிவிட்டது என்று எண்ணுதல் தவறு. காதும் வாயும் தொடுவதற்குச் சில்லென்று இருந்தால், அதனை உலர்ந்த துணியில் சுற்றி, நம் உடம்போடு அணைத்து, மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். உடல் சூடாவதற்கு முன் பால் புகட்டலாகாது. அது செரிமானமாகாமலும், மூச்சுக்குழலில் இறங்கியும் உயிருக்கே கேடாகும். நெருப்பருகே கிடத்துவதும் கூடாது.

இரண்டாவது, பிற உயிர்களால் வரும் ஆபத்து. காட்டை அடுத்த ஊர்களில் சிறுத்தை நாயை விரும்பித் தின்னும். மகாராஷ்டிர மாநிலத்தில் அகோலே வட்டாரத்து வயல்வெளிகளில் வாழும் சிறுத்தைகளின் எச்சத்தை ஆராய்ந்தவர்கள், அவற்றின் இரையில் நாயே முதலிடம் பெறுவதைக் கண்டனர். இமாசலப் பிரதேசத்து மேய்ப்பர்கள், வளர்ந்த வலிய நாய்களுக்கே இரும்பு முள் பொருத்திய கழுத்துப் பட்டை அணிவிக்கிறார்கள். வளர்ந்த நாய்க்கே இவ்வளவு காப்பு வேண்டுமெனில், தனியே கிடந்து கத்தும் குட்டியின் நிலையை விளக்க வேண்டுவதில்லை. நரியும், பாம்பும், பிற நாய்களும் உள்ளன. நெளியும் எதனையும் விளையாட்டுப் பொருளாகக் கருதி முகர்வது குட்டியின் இயல்பு.

மூன்றாவது தீங்கு குட்டியோடு நில்லாமல் நம் பிள்ளைகளையும் சேர்வது. அது வெறிநோய். குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசியைப் பொதுவாக மூன்றாம் மாதத்தில் போடுகிறார்கள். அதுவரை அதற்கு அக்காப்பு இல்லை. இரவில் வெறிகொண்ட நாயோ நரியோ கடித்துச் சென்றால், காலையில் அந்தச் சிறு காயம் மயிரடியில் மறைந்திருக்கும். வாரங்கள் கழித்து நோய் தோன்றும். தோன்றுவதற்குச் சில நாள் முன்பே எச்சிலில் நஞ்சு வந்துவிடும். அந்நாட்களில் அக்குட்டியோடு கொஞ்சி விளையாடுவோர் நம் பிள்ளைகளே. மனிதருக்கு இந்நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. ஆகையால் நாயோ குட்டியோ கடித்தாலும், கீறினாலும், காயத்தை நக்கினாலும், அவ்விடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் இதற்கு மருந்தாகா.

அப்படியானால் குட்டியை எங்கே படுக்க வைப்பது? சுவரை ஒட்டிய திண்ணையிலோ, தறிக் கொட்டகையின் ஒரு மூலையிலோ, பழைய மரப்பெட்டி ஒன்றை ஒரு சாண் உயரத்தில் செங்கல்மீது வைக்கலாம். குட்டி எழுந்து திரும்புமளவு இடம் போதும். மிகப் பெரிதானால் அதன் உடற்சூடு உள்ளே தங்காது. வாசல் காற்றுக்கு எதிர்ப்புறம் இருக்கட்டும். வாசலுக்குக் கம்பிவலைக் கதவும் தாழ்ப்பாளும் வேண்டும். மூச்சு முட்டாதபடி காற்றும் புக வேண்டும். கோழியைக் கவிழ்க்கும் கூடையைப் போட்டு மூடினால் குட்டி ஓடாதிருக்கும். ஆனால் சிறுத்தையும் நாயும் அதனை எளிதில் கவிழ்த்துவிடும். மாட்டின் காலடியில் படுக்கவிடுவதும், கயிற்றில் கட்டிவைப்பதும் ஆகா. குட்டி கயிற்றில் சுற்றிக்கொண்டு கழுத்து இறுகி இறக்கக்கூடும்.

படுக்கைக்கு உலர்ந்த வைக்கோலும் சாமைத்தாளும் நல்லவை. ஈரமானால் உடனே மாற்ற வேண்டும். ஈரமாகாவிடினும் வாரம் ஒருமுறை மாற்றினால் உண்ணி சேராது. நெசவாள அங்கத்தினர்க்கு ஓர் எச்சரிக்கை. மெத்தென்று இருக்கிறதே என்று கழிவு நூலைக் குட்டிக்கு விரித்துவிடாதீர்கள். பல் முளைக்கும் குட்டி அதனைக் கடித்து விழுங்கும். நூலின் ஒரு நுனி நாக்கடியிலோ இரைப்பை வாயிலோ சிக்கிக்கொள்ள, மறுநுனியைக் குடல் இழுக்க இழுக்க, அந்நூலே குடலை அறுத்துவிடும்.

முதல் சில இரவுகளில் குட்டி அழத்தான் செய்யும். பெட்டியை நாம் படுக்கும் இடத்திற்கு அருகில் வைத்து, பொழுது சாயும்போதே உணவளித்து, படுக்குமுன் ஒருமுறை வெளியே கொண்டுபோய் வந்தால் சில நாளில் பழகிவிடும். தடுப்பூசிகள் முடிந்து, நான்கு மாதமும் நிறைந்த பின், மழையற்ற வெதுவெதுப்பான காலத்தில், கூரையுள்ள கூண்டில் வெளியே உறங்கப் பழக்கலாம். சிறுத்தை நடமாடும் இடங்களில் வளர்ந்த நாயையும் இரவில் கதவுள்ள கூண்டில் அடைப்பதே நன்று.

ஒரு மரப்பெட்டியும் ஒரு கட்டுத் தாளும் அதிகச் செலவன்று. அச்செலவுக்கு அஞ்சிக் குட்டியை முற்றத்தில் விடுபவர், பின்னர் கதிர் முற்றும் காலத்தில் காவலின்றி நிற்கிறார். இன்று நான்கு மாதம் நாம் குட்டியைக் காத்தால், பல ஆண்டுகள் அது நம்மைக் காக்கும்.