ஐந்துக்குள் அடங்கும் கட்சி

2024 ஏப்ரல் 17, மாலை 6 மணிக்குத் தென்காசி மக்களவைத் தொகுதியில் மைக் செட்டுகள் ஓய்ந்தன. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் பிரசாரம் கூடாது என்கிறது சட்டம். அத்தொகுதியைச் சேர்ந்த வன்னியம்பட்டியிலும் அதே கெடுதான். வாட்ஸ்அப்புக்கு மட்டும் மாலை 6 மணி தெரியாது.

ஆனால் அதற்கு எண்ணத் தெரியும். அனுப்பும் செய்தியை அந்த நிறுவனமே படிக்க முடியாதபடி பூட்டித்தான் அனுப்புகிறது. அப்படியிருந்தும், ஊரெல்லாம் சுற்றிய செய்தியில் இரட்டை அம்புக்குறி விழுகிறதே, எப்படி? ஒவ்வொரு ஃபார்வேர்டுக்குள்ளும் ஓர் எண் ஒளிந்திருக்கிறது. கைமாறும்போதெல்லாம் அனுப்பும் போனே அதில் ஒன்றைக் கூட்டிவிடும். அந்த எண்ணும் பூட்டுக்குள்தான் பயணிக்கிறது. ஐந்தைத் தொட்டதும் அம்பு இரட்டிக்கும். அதன்பின் ஒரு முறைக்கு ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்பலாம். இது 2020 ஏப்ரலில் வந்த கட்டுப்பாடு. பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தியில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்ட 2018-லேயே ஐந்து பேர் அல்லது குழுக்களுக்கு மேல் ஒரே நேரத்தில் ஃபார்வேர்டு செய்ய முடியாமல் இந்தியாவில் தடுத்துவிட்டார்கள்.

இப்போது ஒரு கட்சியின் படிகளை எண்ணிப் பாருங்கள். மாநில ஐ.டி. விங் குழுவில் ஒரு வீடியோ விழுகிறது. அது மாவட்டத்துக்கு ஒன்று, ஒன்றியத்துக்கு இரண்டு, கிளைக்கு மூன்று, ஊர்க் குழுவுக்கு நான்கு. ஐந்துக்குள் வேலை முடிந்தது! செல்போனுக்குப் பல பத்தாண்டுகள் முன்பே கட்டிய கிளை அமைப்பு, கலிஃபோர்னியாவில் போட்ட விதிக்குள் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்துவிடுகிறது. உட்காராவிட்டாலும் பரவாயில்லை; கேலரியில் சேமித்துப் புதிதாக அனுப்பினால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும்.

2016-இல் மறைந்த ஜெயலலிதாவின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் பேசவைத்து, 2024 பிப்ரவரி 24, அவரது பிறந்தநாளில் வெளியிட்டது அ.தி.மு.க. அந்தக் குரலைவிட வலுவானது, இந்தப் படிகளில் கடைசியான ஊர்க் குழுதான் என்பேன். அங்கே அனுப்புவது கட்சி அல்ல, தெருவில் தினமும் பார்க்கிற மாமா. அவர் அனுப்பினால் திறந்து பார்க்காமல் இருக்க முடியுமா?

சமூக ஊடகத்தில் காசு கொடுத்துப் போடும் விளம்பரத்துக்குத் தேர்தல் ஆணையத்தின் சான்றளிப்புக் குழு முன்கூட்டியே ஒப்புதல் தர வேண்டும். செலவும் வேட்பாளர் கணக்கில் ஏறும். தமிழ்நாட்டில் மக்களவை வேட்பாளருக்கு அப்போது உச்சவரம்பு 95 லட்சம் ரூபாய். மாமாவின் ரீசார்ஜ் அந்தக் கணக்கில் எந்த வரியிலும் வராது.