படிக்கணக்கும் பதிப்புச் செலவும்

திருவாய்மொழி வ்யாக்யானங்கள் தம் அளவையே திருநாமமாகக் கொண்டவை. ஆறாயிரப்படி தொடங்கி முப்பத்தாறாயிரப்படி ஈறாக வழங்கும் எண்கள், ஒற்று நீங்கலாக 32 எழுத்துக் கொண்டது ஒரு படி என்னும் கணக்கால் வந்தவை. இவ்வலகு அழகுக்காக ஏற்பட்டதன்று. ஓலையில் படியெடுப்பவர்க்குக் கூலி அளக்கவும், எடுத்த படி குறைவற்றதா என்று பார்க்கவும் பயன்பட்டது. நூலாக்கச் செலவு நம் ஸம்ப்ரதாயத்தில் நூற்பெயரிலேயே பொதிந்து கிடக்கிறது.

ஈட்டை இக்கணக்கால் அளந்தால் 36,000 படிக்கு 11,52,000 எழுத்துகள். ஓலைக் காலத்தில் ஒவ்வொரு ஸ்ரீகோசத்துக்கும் இவ்வுழைப்பு முழுவதும் புதிதாக வேண்டியிருந்தது. இரண்டாம் படி முதற்படியைவிட மலிவானதன்று. அச்சு வந்தபின் செலவு இரண்டாகப் பிரிந்தது. பாடபேதம் ஒப்புநோக்கல், எழுத்துக் கோத்தல், பிழை திருத்தல் ஆகியவை ஒருமுறை. காகிதமும் கட்டடமும் பிரதிதோறும். இரண்டையும் புத்தக விலை சேர்த்துச் சுமந்தது. கணினியிலோ ஈடு முழுவதும் ஏறக்குறைய 10 மெகாபைட்டில் அடங்கும். ஆயிரவர்க்கு அனுப்பினாலும் தனிச் செலவில்லை. பிரதிச் செலவு மறைந்தது. முதற்படியின் செலவு மறையவில்லை. அதைச் சுமந்த விலை மட்டும் போய்விட்டது. “இணையத்தில்தான் கிடைக்கிறதே, புத்தகம் எதற்கு?” என்று வினவுவோர் இதனை எண்ணுவதில்லை.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. ஸயன்ஸ் துறை ஆய்விதழ்களில் பல, கட்டுரையாளரிடமே கட்டணம் பெற்று வாசகர்க்கு இலவசமாகத் தருகின்றன. மத்திய அரசு 2024 நவம்பரில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்னும் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2025 முதல் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள். அரசு உயர்கல்வி நிறுவனங்களைச் சார்ந்தோர்க்கு அது பெரும்பேறே. இல்லத்திலேயே காலக்ஷேபம் கேட்டுத் தேர்ந்தவர் அவ்வட்டத்துள் வாரார். அவர்கள் பதிப்பிக்கும் நூல்களும் வாரா.

செலவு குறைந்தால் முதலில் கைவிடப்படுவது பரிசோதனை. மணிப்ரவாளத்தில் இதன் கேடு பெரிது. க்ரந்தாக்ஷரம் கலந்து அச்சிட்ட பழம் பதிப்புகளைத் தனித்தமிழ் எழுத்தில் தட்டெழுதும்போது, வலிமையைக் குறிக்கும் சொல்லும் ப்ரயோஜனத்தைக் குறிக்கும் சொல்லும் ‘பலம்’ என்றே நிற்கின்றன. உபாயமா, பலமா என்று விசாரிக்கும் இடத்தில் இவ்வொரு மயக்கம் போதும், வாக்யம் திசைமாற. க்ரந்த லிபிக்கு யூனிகோடில் 2014ஆம் ஆண்டிலேயே இடம் கிடைத்துவிட்டது. எழுத்துக்கு வழி பிறந்தும், பயன்படுத்துவோர் சிலரே. பழம் பதிப்பைப் படமாக ஏற்றி வைப்பது மூலத்தைக் காக்கும். ஆனால் படத்துக்குள் சொல் தேட இயலாது. படத்திலிருந்து எழுத்தைத் தானே பிரித்தறியும் மென்பொருளோ, கூட்டெழுத்தில் இடறுகிறது.

நஞ்சீயர் ஒன்பதினாயிரப்படியைப் படியெடுக்க வரதராஜரிடம் தந்தருளியதும், காவேரியைக் கடக்கையில் அந்த ஸ்ரீகோசம் வெள்ளத்தில் போனதும் அனைவரும் அறிந்ததே. ஒரே படி என்பதன் ஆபத்து அதில் விளங்கும். ஆயினும் கேட்ட அர்த்தத்தை நெஞ்சில் கொண்டிருந்தமையாலன்றோ அவரால் மீண்டும் எழுத முடிந்தது, நம்பிள்ளை என்னும் திருநாமமும் வாய்த்தது! இன்று நிலைமை தலைகீழ். படிகள் எண்ணிறந்தவை; படியெடுக்கும் கருவிக்கு அர்த்தம் தெரியாது. ஒரு பிழை புகுந்தால் ஆயிரம் இடங்களில் அதுவே பாடமாகிவிடுகிறது.

உரிமையிலும் ஒரு தெளிவு வேண்டும். பூர்வாசார்யர்களின் ஸ்ரீஸூக்திகள் எவர்க்கும் தனியுடைமையல்ல. ஆனால் பதிப்பாசிரியர் எழுதிச் சேர்த்த அரும்பதவுரைக்கும் குறிப்புகளுக்கும், அவர் காலத்துக்குப்பின் 60 ஆண்டுகள் வரை சட்டப் பாதுகாப்பு உண்டு. சில நூறு பிரதிகளே அச்சிடும் பதிப்பாளரின் நூலை, வெளிவந்த வாரத்திலேயே படமெடுத்துப் பரப்புவதைக் கைங்கர்யம் என்பது பொருந்தாது.

மூலமும் வ்யாக்யானமும் எல்லார்க்கும் திறந்திருக்கட்டும். ஸம்பாவனை, பிரதிக்கன்றி, ஒப்புநோக்கும் பரிசோதகர்க்குச் செல்லட்டும். பழங்காலம் போலவே படிக்கணக்கிட்டுத் தரலாம். கோப்பு ஒவ்வொன்றின் முகப்பிலும் மூலமாகக் கொண்ட பதிப்பு, ஆண்டு, ஒப்புநோக்கிய ஸ்ரீகோசம், பரிசோதித்தவர் பெயர், திருத்திய நாள் ஆகியவை இருத்தல் வேண்டும். இவையில்லாத கோப்பைக் காலக்ஷேபத்துக்குக் கொள்ளலாகாது.